தங்கத்தாய்க்கு வைக்காத வலை

தாராவியில் தேரா கம்பவுண்ட் என்கிற பதிமூன்றாம் நம்பர் வளாகத்தில் பாதி ஆயுசைக் குப்பைக்குள்ளேயே கழித்தவர் ஞானதுரை. பம்பாய்க்காரன் வீசியெறிகிற பிளாஸ்டிக் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வந்து விழும். உடைந்த வாளி, நாற்காலிக் கால், ஷாம்பு டப்பா, ஆஸ்பத்திரி ஊசிக்குழல் எல்லாம் ஒன்றோடொன்று கிடந்து நாறும். அதைப் பிரித்து, கழுவி, நொறுக்கி, உருக்கி விற்பதுதான் பிழைப்பு. ஒரு துண்டின் ஓரத்தைத் தீக்குச்சியால் கொளுத்தி மோந்து பார்த்தால் போதும், இது பிபி, இது எச்டி என்று அதன் ஜாதியைச் சொல்லிவிடுவார். பிளாஸ்டிக்கைத்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. மனுஷனை எதைக் கொளுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்வது? கழுவின சரக்கைப் புதுச்சரக்கு என்று விற்கிற சந்தையில் கிடந்தவர். யாரையும் நம்ப மாட்டார்.

அவர் பெண்டாட்டி தங்கத்தாய்க்குத் தொடை இடுக்கில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. இருமினால் துருத்தும், படுத்தால் கொஞ்சம் அமுங்கும். வந்த இடம் அப்படி, யாரிடம் காட்டுவது? சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாள். தண்ணீர்க் குடத்தை இறக்கும்போதெல்லாம் அத்தை அங்கே கையை வைப்பதை மருமகள் பொன்செல்விதான் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, காட்டாமல் விடமாட்டேன் என்று நின்றாள்.

"எப்ப இருந்து இருக்கு?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தியே இருக்கு. கால்ல புண்ணு வந்தா நெறி கட்டும்லா, அதுன்னு நெனச்சேன்."

"கால்ல எங்க அத்தை புண்ணு?"

தங்கத்தாய் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மாட்டுங்காவில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் பொம்பளை சர்ஜன் இருக்கிறாள், தமிழ் பேசுவாள் என்று பொன்செல்வி விசாரித்து வைத்திருந்தாள். ஞானதுரையும் கூடவே போனார். ஏமாற்றுவார்கள் என்று தெரிந்த இடத்துக்குப் பெண்டுகளைத் தனியாக அனுப்புவாரா? டாக்டர் சாதனா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். திரைக்குப் பின்னால் தங்கத்தாயைப் படுக்க வைத்தும், நிற்க வைத்தும், இருமச் சொல்லியும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இது நெறி இல்லை பாட்டி, ஹெர்னியா. குடல் இறங்கறது. ஆம்பளைகளுக்கு வர சாதா தினுசு இல்லை. அதைவிடக் கீழே, தொடைக்குப் போற ரத்தக்குழாய் பக்கத்துல ஒரு சந்து இருக்கு, அது வழியா வரது. வயசான பொம்மனாட்டிகளுக்குத்தான் இது ஜாஸ்தி."

"தைலம் தேய்ச்சா உள்ள போயிராதா?" என்றார் ஞானதுரை.

"தைலத்துக்கும் போகாது, பெல்ட்டுக்கும் போகாது. அந்தச் சந்து ரொம்பக் குறுகல். குடல் அதுல மாட்டிண்டா திரும்பிப் போக வழியில்லை. ரத்தம் ஓடாம அழுகிடும். அதனாலதான் இதைப் பார்த்துண்டு உட்கார்ந்திருக்கப்படாது. அடுத்த வாரமே பண்ணிடலாம்."

"ரொம்ப அறுப்பியளா தாயி?" என்றாள் தங்கத்தாய்.

"இவ்வளவுதான்" என்று டாக்டர் ஒரு விரலைக் காட்டினாள். "இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகுல ஊசி. முழிச்சுண்டே இருக்கலாம். சாயங்காலமோ மறுநாளோ வீட்டுக்குப் போயிடலாம். அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல குடம் தூக்கப்படாது. வெளிக்குப் போகும்போது முக்கப்படாது."

"அது நடக்காது. எங்க சந்துல ஒரே கக்கூசு. உள்ள போனதும் அடுத்தவ கதவைத் தட்டுதா. முக்காம எப்படி?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "அதுக்கு மருந்து தரேன். குடம் தூக்கத்தான் தாத்தா இருக்காரே. அந்தச் சந்தை அடைச்சு, மறுபடி வராம இருக்க ஒரு சின்ன வலைத்துண்டும் வைப்போம்."

"என்ன வலை?" ஞானதுரை நாற்காலி நுனிக்கு வந்தார். "எதுல செஞ்சது?"

"பாலிப்ராப்பிலீன்னு ஒண்ணு."

பேரை நீட்டிச் சொன்னாலும் ஆள் பழைய ஆள்தான். அவர் முகம் சுண்டியது. "பிபியா?"

"ஆமாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? வாளி பிபி, சிமெண்டுச் சாக்கு பிபி, கக்கூசுச் செம்பு பிபி. அதைக் கொண்டுபோயி இவ ஒடம்புக்குள்ள வைப்பியளா?"

"ஜாதி அதுதான் தாத்தா. ஆனா ஒடம்புக்குள்ள வைக்கன்னே புதுசா, சுத்தமாப் பண்ணினது."

"புதுசுன்னு சொல்லித்தான் எல்லாவனும் விக்கான்."

டாக்டர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து, தேதி முடிந்துபோன ஒரு சாம்பிள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். கொசுவலை மாதிரி மெல்லிசாக, வெள்ளையாக இருந்தது. "வலை வேண்டாம்னா வெறும் தையலும் போடலாம். திரும்ப வர வாய்ப்பு கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதைப் பேசிக்கலாம். நாளைத் தள்ளறது மட்டும் வேண்டாம். பாட்டி, நீங்க என்ன சொல்றேள்?"

தங்கத்தாய் வாயைத் திறப்பதற்குள், "அவ என்னத்தச் சொல்லுவா. யோசிச்சுட்டு வாரோம்" என்று ஞானதுரை எழுந்துவிட்டார்.

வாசல்வரை வந்து டாக்டர் பொன்செல்வியைப் பிடித்துச் சொன்னாள்: கட்டி கல்லு மாதிரி ஆனாலோ, அமுக்கினா வலிச்சாலோ, வாந்தி வந்தாலோ, காத்துப் பிரியாம வயிறு உப்பினாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காதே. ராத்திரியா பகலா என்று பார்க்காதே.

ஞானதுரை நேரே கோடவுனுக்குப் போனார். அவரிடம் வேலை பார்க்கும் ரஹ்மத்துல்லா மூட்டை பிரித்துக்கொண்டிருந்தான். வலைத்துண்டைக் கொளுத்தினார்கள். மெழுகுவர்த்தி மாதிரி உருகிச் சொட்டியது. அதே வாடை.

"பிபிதான் சாச்சா" என்றான் ரஹ்மத்துல்லா. "ஆனா எக்தம் நயா மால், புத்தம் புதுசு. இத்தனை வருஷத்துல இவ்ளோ சுத்தமான சரக்கு நம்ம கைக்கு வந்ததே இல்ல."

ஞானதுரை முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"குப்பைச் சாமான்ட்டி. நான் கொளுத்திப் பாத்துட்டேன்."

"அதான் வலை இல்லாமலும் தைக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்லா" என்றாள் தங்கத்தாய். "வேண்டாம்னு சொல்லிட்டுப் போவோம். எனக்குக் குனிய முடியல."

"போகலாம். அவ உள்ள என்ன வச்சுத் தைக்கான்னு நீ எட்டிப் பாப்பியா? இடுப்புக்குக் கீழ மரத்துக் கிடக்கும்போது வாளியையே வச்சாலும் ஒனக்குத் தெரியுமா?"

"வாளியை வச்சாத் தண்ணி தூக்குற வேலையாவது மிச்சம்."

பொன்செல்வி சிரித்தாள். ஞானதுரை சிரிக்கவில்லை. அம்பர்நாத்தில் வலையும் வைக்காமல் கத்தியும் வைக்காமல் குடலை ஏற்றுகிற ஒருத்தர் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். அந்த ஞாயிறு கோடவுனில் லாரி வந்து நின்றது. அடுத்த ஞாயிறு மழை. டாக்டர் சொன்ன வாரம் தாண்டிப் போயிற்று. தங்கத்தாய் மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலையில் அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது. குடித்த காப்பி அப்படியே வெளியே வந்தது. ராத்திரி தின்ற நெத்திலிதான் ஆகவில்லை என்று ஞானதுரை சோடா வாங்கிக் கொடுத்தார். அதுவும் வந்தது. பிறகு பச்சையாக வந்தது. மகன் ஜெபஸ்டின் வேலைக்குப் போயிருந்தான். கடைக்குப் போயிருந்த பொன்செல்வி மத்தியானம் திரும்பினபோது தங்கத்தாய் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். கடைசியாக எடுத்த வாந்தி சட்டியில் இருந்தது. மலவாடை. எந்தக் குப்பைக்கும் மூக்கைப் பொத்தாத ஞானதுரை துண்டால் வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்றார்.

பொன்செல்வி அத்தையின் சேலையை விலக்கித் தொட்டாள். கட்டி கல்லாக இருந்தது. மேலே தோல் சிவந்திருந்தது. விரல் பட்டதும் தங்கத்தாய் அலறினாள்.

"மாமா, இதைத்தானே அவிய சொன்னாவ. காலையில இருந்து எங்கிட்ட ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நெத்திலின்னு நெனச்சேன்."

"நெனைங்க" என்று சொல்லிவிட்டு அவள் டாக்ஸி பிடிக்க ஓடினாள்.

டாக்டர் சாதனா ஒரு பார்வைதான் பார்த்தாள். வலையா, தையலா என்ற பேச்சே எழவில்லை. முதுகு ஊசி போதாது, முழு மயக்கம் என்றார்கள். விரல் அளவு கீறல் போதாது, வயிற்றையும் திறக்க வேண்டியிருக்கும் என்றார்கள். உயிருக்கு உத்தரவாதம் கேட்டார் ஞானதுரை. யாரும் கொடுக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரோ துப்பிவிட்டுப் போன பான் கறை காலடியில் ஈரமாக இருந்தது. பினாயில் ஊற்றிய இடத்திலேயே மறுபடி நாற்றம். ஒருத்தன் வடாபாவ் தின்றுகொண்டே போனில் யாரிடமோ கோபமாக வசனம் பேசினான். எல்லாவற்றையும் பார்க்க அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதைவிடத் தன்னைப் பார்க்கத்தான். சோடா வாங்கிக் கொடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. டாக்டர் வந்தாள். ஆபரேஷனில் எடுத்ததை வீட்டாருக்குக் காட்டுகிற வழக்கப்படி ஒரு ஸ்டீல் தட்டைக் காட்டினாள். அதில் கறுப்பாக, செத்த அட்டை மாதிரி ஒரு துண்டு கிடந்தது. பொன்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுதான் மாட்டிண்ட குடல். அழுகிப் போச்சு. வெட்டி எடுத்துட்டு நல்ல ரெண்டு முனையையும் சேர்த்துத் தைச்சிருக்கு. அது ஒட்டணும். ஒட்டித்தா இல்லையான்னு இனிமேதான் பார்க்கணும்."

ஞானதுரையின் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வலை வைக்கலயே?"

டாக்டர் தட்டைத் துணியால் மூடினாள். "வைக்கலை. அழுகின இடத்துல வலை வைச்சா சீழ் பிடிக்கும். வெறும் நூல்தான்."

"மாமா கேட்டது கிடைச்சுட்டு" என்றாள் பொன்செல்வி.

அவர் எழுந்துபோய்க் கைகழுவுகிற தொட்டியில் வாந்தி எடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் ஒரே ஒரு காரியத்துக்காகக் காத்திருப்பதாக ஆகிவிட்டது. தங்கத்தாயின் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போயிற்று. அதில் பச்சைத் தண்ணீர் இறங்கிப் பையில் நிறைந்தது. வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஈரத்துணியால் பொன்செல்வி உதட்டை நனைப்பாள். குடல் வேலை செய்கிறது என்பதற்குக் காற்றுப் பிரிவதுதான் அடையாளம். அது வராவிட்டால் மறுபடி திறக்க வேண்டி வரலாம் என்றார்கள். காலையும் மாலையும் மராத்தி நர்ஸ் வந்து காற்றுப் போயிற்றா என்று கூச்சமே இல்லாமல் கேட்பாள்: "மாஜி, கேஸ் கயா கியா?"

தங்கத்தாய் கண்ணை மூடிக்கொள்வாள். இத்தனை வருஷம் புருஷன் முன்னால் அடக்கி வாழ்ந்தவள். இன்று வார்டு முழுக்க அதற்காகக் காத்திருக்கிறது.

"விடுட்டி. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ" என்றார் ஞானதுரை.

"நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்?"

அவர் பைபிளை எடுத்தார். எந்தச் சங்கீதத்தில் இதற்கு வழி இருக்கிறது என்று தெரியாமல் மூடி வைத்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போனால் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

ஒரு மத்தியானம், எதிர்க்கட்டில் கிழவிக்குச் சாப்பாடு வந்திருந்த நேரம், அது வந்தது. நன்றாகச் சத்தமாகவே வந்தது. எதிர்க்கட்டில் கிழவி தட்டை மூடிக்கொண்டு இந்தியில் ஏதோ திட்டினாள். பொன்செல்வி நர்ஸைக் கூப்பிட ஓடினாள். ஞானதுரை முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். அழுதாரா, மூக்கை மூடினாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். குழாயை எடுக்கச் சொன்னாள். ஸ்பூனால் தண்ணீர் கொடுக்கலாம் என்றாள்.

தங்கத்தாய் முதல் ஸ்பூனை விழுங்கிவிட்டுக் கேட்டாள்: "இது இனியும் வருமா தாயி?"

"வரலாம் பாட்டி. வராமலும் போகலாம். வந்தா பயந்துண்டு மறைக்கப்படாது. இப்போ அழுகினதால வலை வைக்க முடியலை. அடுத்த தடவை சாவகாசமாப் பண்ணினா வைக்கலாம்."

"அதை யோசிச்சுத்தான் செய்யணும்" என்று ஞானதுரை முன்னால் குனிந்தார்.

தங்கத்தாய் அவரைப் பார்க்காமலே சொன்னாள். "ஜெபஸ்டின் அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய போங்க. நான் டாக்டர்கிட்டப் பேசணும்."

"எனக்குத் தெரியாம என்ன பேச்சு?"

"வயிறு என்னோடதுல்லா. போங்க."

நர்ஸ் திரையை இழுத்தாள். ஞானதுரை வராந்தாவுக்கு வந்து நின்றார். திரைக்குள் தங்கத்தாய் கேட்பதும், டாக்டர் சொல்வதும், மறுபடி அவள் கேட்பதுமாக வெகுநேரம் ஓடியது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை.