டில்லிபாபுவின் ஐந்தரைக் கட்டை

எங்கள் இலாகாவில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று மந்தைவெளியில் ஒரு மருந்தகம் இருந்தது. எல்லோருடைய பென்ஷனிலும் மாதாமாதம் கொஞ்சம் பிடித்து அதை நடத்தினார்கள். அங்கே கொடுக்கும் சிவப்பு மிக்சரைப் பற்றி மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் என் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். ஒரு நாள் அந்த பாட்டில் கை தவறி என் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் மேல் கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு வண்டி இருமவே இல்லை.

அப்பேர்ப்பட்ட மருந்தகத்துக்குத் தொண்ணூற்றேழாம் வருஷம் கார்த்திகையில் ஆபத்து வந்தது. விருப்பமுள்ளவர்கள் மருந்தகத்துக்குப் போகும் தங்கள் பங்கைக் கூப்பனாக வாங்கிக்கொண்டு, தி. நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்தும் திட்டத்தில் சேரலாம் என்று இலாகா அறிவித்தது. பாதிப் பேருக்கு மேல் அப்படிப் போய்விட்டால் மருந்தகத்துக்குப் பூட்டு.

இந்த விவாதம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்தது. காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டிக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. நிழலில் இருக்கும் ஒரே சாய்மான பெஞ்சு, அன்றைய தேதியில் யாருக்கு வியாதி அதிகமோ அவருக்குத்தான். உத்தியோகத்தில் வகித்த பதவியெல்லாம் பூங்கா வாசலோடு சரி. பெஞ்சுக்கு நிரந்தரப் போட்டியாளர்கள் இரண்டு பேர். ஒருவர் சூப்பிரண்டெண்டாக இருந்த சுந்தரராமன், ரத்தக் கொதிப்புக்காரர். இன்னொருவர் கணக்குப் பிரிவிலிருந்த கருணாகரன், சர்க்கரைக்காரர், அடையாற்றிலிருந்து பஸ் பிடித்து வந்து போட்டியிடுவார். கருணாகரனின் சர்க்கரையை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். அவர் வந்த பஸ்ஸுக்குப் பின்னால் எறும்பு சாரை அடையாறு பாலம் வரை போகும். இருட்டில் வழி தவறியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

முப்பது வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு பேரும் கூப்பன் விஷயத்தில் ஒரே கட்சி. அதுதான் எனக்கு பயமாக இருந்தது. என் பங்கு, என் இஷ்டம், சிவப்புத் தண்ணிக்கு எதற்கு கியூவில் நிற்க வேண்டும் என்பது சுந்தரராமனின் வாதம். தி. நகரில் ஏ.சி. ரூம், கட்டில் பக்கத்தில் டி.வி. என்றார் கருணாகரன். உடம்பு நன்றாக இருப்பவர்கள் எல்லாம் தங்கள் பங்கோடு கிளம்பிவிட்டால், மிஞ்சுவது வெறும் நோயாளிகள்தானே, அவர்களுக்கு எதை வைத்து மருந்து வாங்குவது என்று கேட்டேன். கியூ சின்னதாகிவிடுமே, அவர்களுக்கும் லாபம்தான் என்று சுந்தரராமன் சமாதானம் சொன்னார்.

மிஞ்சப் போகிறவர்களில் முதல் ஆள் டில்லிபாபு. சுந்தரராமனிடம் டவாலிச் சேவகனாக இருந்து ஓய்வு பெற்றவன். சாந்தோம் குப்பத்தில் வீடு. ஆஸ்துமா. வாரம் இரண்டு தடவை மருந்தகத்துக்கு வந்து, நர்ஸ் ஜைதூன் பீ மூக்கில் மாட்டிவிடும் மெஷினில் மருந்துப் புகை பிடித்தால்தான் படுத்துத் தூங்க முடியும். அவன் மூச்சில் ஒரு விசில் உண்டு. அது எப்போதும் சுத்தமான ஐந்தரைக் கட்டைச் சுருதியில் நிற்கும். சுந்தரராமனின் சம்சாரம் சூடாமணி பாட்டு வாத்தியார். டில்லிபாபுவைக் கூடத்தில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் காபி கொடுத்து, அவன் நெஞ்சுக்குச் சேர்த்துத்தான் தம்புரா சுருதி கூட்டுவாள். அடைமழை நாளில் மட்டும் ஆறு கட்டைக்கு ஏறிவிடும். அன்று பாட்டு கிளாஸ் கிடையாது.

அவன் ஒரு நாள் பூங்காவுக்கே வந்துவிட்டான்.

"நீங்கல்லாம் அந்தாண்ட பூட்டீங்கன்னா இங்க கடைய மூடிருவாங்களாமே சார்? பொகை இல்லாங்காட்டி எனக்கு ராவுல மூச்சே வராது. நான் இன்னா பண்றது?"

"நீயும் கூப்பன் வாங்கிக்கோயேன்டா. யார் வேண்டாம்னா?" என்றார் சுந்தரராமன்.

"போயிருந்தேன் சார். கேட்டாண்டயே வாட்ச்மேன் நிறுத்திட்டான். எவன்டா அது விசில் அடிச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குள்ள போறதுன்னான்."

விசாரித்ததில் திட்டத்தின் விதி தெரிந்தது. சேரும்போது உடம்பில் எந்த வியாதியும் இருக்கக் கூடாது. அதற்கென்ன, இல்லை என்று சொன்னால் போகிறது என்றார் சுந்தரராமன். தன்னைச் சொன்னார்.

ஆள் சேர்க்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. இடம் எங்கள் மருந்தகத்துக் கூடமேதான். தி. நகரிலிருந்து பரத்வாஜ் என்று டை கட்டிய பிள்ளையும், கூட ஒரு டாக்டரும் வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஆரோக்கியமாக வந்தார்கள். கருணாகரன் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். சுந்தரராமன் மீசைக்கு மை அடித்து, மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, மருந்து பீரோவுக்கு வணக்கம் சொல்லிக் குசலம் விசாரித்தார். மூலையில் டில்லிபாபு மூக்கில் மெஷினோடு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி வேலம்மா டியூபைப் பிடித்துக்கொண்டு, இதுதான் கடைசிப் புகை என்பது மாதிரி எங்களைப் பார்த்தாள்.

பரத்வாஜ் ஒவ்வொருவராகக் கேட்டான். வியாதி உண்டா? இல்லை என்றார் சுந்தரராமன். இல்லவே இல்லை என்றார் கருணாகரன். பின்னால் நின்றவர்களும் அதையே சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், கொஞ்சம் உரக்க, ஒரு சந்தோஷத்தைப் பகிர்ந்துகொண்டேன்.

"நாளையிலேர்ந்து பெஞ்சு எனக்குத்தான். எனக்கு முழங்கால் வலியாவது இருக்கு. இவா ரெண்டு பேருக்குந்தான் ஒண்ணுமே இல்லையாமே."

கருணாகரன் ஓடுவதை நிறுத்தினார்.

"ஒண்ணுமில்லேன்னா ஒண்ணுமே இல்லேன்னு அர்த்தமா? சர்க்கரை நானூறு இருக்கு. கூடவே இருக்கிறதால அதை நான் வியாதின்னு சொல்றதில்லை."

"நானூறு, சாப்பிட்டப்புறந்தானே ஓய்?" என்றார் சுந்தரராமன். "நேக்கு பி.பி. வெறும் வயத்துலயே எரநூறு."

இருநூறை யார் பார்த்தது என்று கருணாகரன் கேட்டிருக்க வேண்டாம். சுந்தரராமன் சட்டைக் கையை மடித்துவிட்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். பி.பி. பார்க்கும் கருவியில் பாதரசம் கிடுகிடுவென்று ஏறியது. கண்ணாடிக் குழாயின் உச்சியை முட்டி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, முத்து முத்தாகக் கூடத்தில் உருண்டு, வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கியது. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு வரை பொறுக்கினோம். அப்புறம் யாரை நிறுத்த முடியும்? கல், குடலிறக்கம், வெர்டிகோ, அடைப்பு என்று ஆளாளுக்குத் தங்கள் கையிருப்பை எடுத்துவிட்டார்கள். ஒருவர், தன் ஈரல் வீங்கித் தோள் வரை வந்துவிட்டது என்று சொல்லித் தோளைக் காட்டினார். பரத்வாஜுக்குத் தலை சுற்றியது. ஜைதூன் பீ சிவப்பு மிக்சரில் ஒரு அவுன்ஸ் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தவன், இந்த மருந்தகத்தில் வெளியாட்களும் சேரலாமா என்று கேட்டான்.

டாக்டர் மட்டும் மனம் தளரவில்லை. அப்போதுதான் மெஷினைக் கழற்றிவிட்டு எழுந்த டில்லிபாபுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். முகம் மலர்ந்தது. காலையிலிருந்து கேட்டதிலேயே சுத்தமான மூச்சு இதுதான், பெரியவரை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

டில்லிபாபு எங்களை ஒரு தடவை பார்த்தான்.

"இப்பத்தான் பொகை வெச்சிக்கினேன், அதான் நல்லா கீது டாக்டரே. புதன்கெழம வந்து கேளு, மாமி பாட்டே பாடலாம்."

ஆக ஒருவரும் சேரவில்லை. அதோடு, இவ்வளவு வியாதியை ஒரே கூடத்தில் தாங்கள் கண்டதில்லை என்று தி. நகர்க்காரர்கள் இலாகாவுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். இலாகா மிரண்டுபோய் மருந்தகத்துக்கு இரண்டாவது புகை மெஷின் அனுப்பியது. பெஞ்சு, பாதரசத்தை முன்னிட்டு, சுந்தரராமனுக்குப் போயிற்று. என் முழங்காலை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது மெஷின் வந்ததில் டில்லிபாபு தினமும் புகை பிடித்தான். மார்கழி பிறப்பதற்குள் விசில் அடியோடு நின்றுவிட்டது. சூடாமணிக்கு மயிலாப்பூரில் ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரி இருந்தது. தம்புராவை எதற்குச் சேர்ப்பது என்று தெரியாமல் அவள் தவித்து, ஒரே ஒரு நாள் புகை வைத்துக்கொள்ளாமல் டில்லிபாபுவை அனுப்பும்படி என்னைத் தூது விட்டாள். நான் சாந்தோம் போய்ச் சொன்னேன். டில்லிபாபு உள்ளே குறட்டைகூட இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் மீனை அலசிக்கொண்டிருந்த வேலம்மா நிமிரவில்லை.

"சுதி வோணும்னா தி. நகர்ல கூப்பன குடுத்து வாங்கிக்கச் சொல்லு சார்."