கடிக்கும் மாணவர்களுக்குத் தனி வகுப்பு

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்குக் கணீரென்ற குரல் இருப்பது நல்லதுதானே என்று நினைப்பவர்கள் ஹாரன் மாஸ்டரின் வண்டியில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பெயர் அவரிடம் படித்தவர்கள் வைத்தது. வண்டியின் ஹாரனை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, தேவைப்படவில்லை. "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தத்தில் முன்னால் போகும் வண்டிக்காரர்களும் சேர்ந்து கிளட்சை மிதிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

மற்றபடி தங்கமான மனுஷன். வண்டியை விட்டு இறங்கிவிட்டால் யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடப்பது வண்டிக்குள்ளே அல்லவா? அங்கேதான் அவருக்குச் சனி.

பள்ளியின் ஆபீஸ் என்பது ஒரே ஒரு அறை. ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், சுவரில் சாலை விதிகளின் படம், ஜன்னலுக்கு வெளியே வண்டி திரும்பும் காலி இடம். அந்த அறையை ஆண்டவள் மாஸ்டரின் மனைவி. எல்லாருக்கும் அவள் ஆபீஸ் அக்கா. சேர வருகிறவர்களைப் பதிவுசெய்வது, நேரம் ஒதுக்குவது, பாடம் முடிந்து அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இதில் கடைசி வேலைதான் அதிகம்.

அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் மாஸ்டர் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனார். முதல் திருப்பத்திலேயே அவர் போட்ட சத்தத்தில் வண்டி நின்றுபோனது. அக்கா கதவைத் திறந்தாள், இறங்கினாள், விறுவிறுவென்று நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் பெண்டாட்டிக்கு டிரைவிங் தெரியாது என்று தெருவே கேலி பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது கேலி பேசக்கூட ஆள் குறைந்துபோனது. சேருகிறவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே மாஸ்டர் சொன்னார்.

"இந்த மாசத்தோட மூடிடலாம்மா. லோடு வண்டி ஓட்டக் கூப்பிடுறாங்க. தூர ஓட்டம். நடுவுல எப்பவாவது வீட்டுக்கு வந்துட்டுப் போறேன்."

கத்தினாலும் கூப்பாடு போட்டாலும் சாயங்காலமானால் இந்த மனுஷன் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அக்கா வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். லோடு வண்டி என்ற பேச்சே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாமி கண் திறந்த மாதிரி மறுநாளே ஒரு போன் வந்தது. பேசியது பக்கத்தில் இருந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸுகள் எல்லாரும் இனி தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். மொத்தமாக ஒரு பள்ளியில் சேர்த்துவிடப் பார்க்கிறார்களாம்.

"உங்க வெப்சைட் அட்ரஸை அனுப்புங்க. எங்க பொண்ணுங்க பாத்துட்டு முடிவு பண்ணட்டும். நாளைக்குள்ள அனுப்பிடுவீங்கல்ல?"

"இருக்கு மேடம், அனுப்பிடுறேன்" என்று அக்காவின் வாய் முந்திக்கொண்டது. போனை வைத்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. வெப்சைட்டாவது ஒன்றாவது! பள்ளிக்கு என்று இருந்தது வாசலில் ஒரு போர்டு மட்டும்தான்.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அக்கா பள்ளிக்கு வெப்சைட் பண்ணித் தருகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பவன்.

"அடுத்த வாரம் கண்டிப்பா பண்ணிடுறேன்க்கா."

"உன் அடுத்த வாரம் வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தி வந்துடும்டா. நாளைக்கு வேணும்."

"அப்ப நீயே பண்ணு. கோடிங்கெல்லாம் ஒண்ணும் தெரிய வேணாம். ஓசியிலேயே பண்ணலாம். மாதிரி நிறைய வெச்சிருப்பான். ஒண்ணை எடுத்து, பெட்டியை இழுத்து இழுத்து வைக்க வேண்டியதுதான். சின்னக் குழந்தைகூடப் பண்ணிடும்."

"சின்னக் குழந்தை பண்ற வேலையையாடா இத்தனை நாள் உன்னால பண்ண முடியல?"

தம்பிக்கு அந்த நிமிஷமே ஒரு மீட்டிங் வந்துவிட்டது.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தம்பி சொன்னது பொய்யில்லை. அந்த இலவசத் தளம் தமிழிலேயே பேசியது, மாதிரிகளை வரிசையாகக் காட்டியது. அழகு நிலையம், பல் டாக்டர், போட்டோ ஸ்டுடியோ, பூக்கடை. டிரைவிங் ஸ்கூலை மட்டும் காணோம். 'பயிற்சிப் பள்ளி' என்று தேடினாள். வந்தது ஒன்றே ஒன்று. பழுப்பு நாய் ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நாய்களுக்கான பயிற்சிப் பள்ளி.

'பள்ளின்னா பள்ளிதானே' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அதை எடுத்துக்கொண்டாள்.

முதலில் நாயை விரட்டிவிட்டு அங்கே வண்டியின் படத்தை வைத்தாள். வண்டி பஸ் நீளத்துக்கு இழுபட்டது. ஓரத்தைப் பிடித்துத் தள்ளினால் நசுங்கிப்போய் விபத்தில் சிக்கியது போல நின்றது. டிரைவிங் ஸ்கூலுக்கு அந்தப் படம் ஆகாது என்று மறுபடி இழுத்தாள். தொலைபேசி எண்ணை ஒரு பெட்டியில் போட்டால் பெட்டி பாட்டுக்குப் பக்கத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மூலையில் நாயின் வால் நுனி மட்டும் என்ன செய்தாலும் போகவில்லை. போன் நம்பர் பெட்டியைத் தூக்கிவந்து அதன் மேலேயே வைத்து மறைத்தாள். எண்ணும் கண்ணில் பட்டது, வாலும் ஒழிந்தது. அவளுக்கே தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

மிச்சம் இருந்தது 'எங்கள் முறை' என்ற பக்கம். அதில் ஏற்கெனவே ஒரு முழுக் கட்டுரை எழுதிவைத்திருந்தார்கள். 'ஒவ்வொருவரும் ஒரு விதம். பொறுமையே எங்கள் வழி' என்று ஆரம்பம். அடடா, நம் வீட்டில் யாருக்கு இப்படி எழுத வரும் என்று அக்கா மயங்கிப்போனாள். அங்கங்கே நாய் என்று வருவதுதான் தொல்லை. அதற்கும் வழி இருந்தது. ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்குப் பதில் இன்னொன்று என்று சொன்னால் போதும், தளமே வாக்கியத்தையும் அதற்கேற்பப் பார்த்து மாற்றிவிடுமாம். நாய் என்பதற்குப் பதில் மாணவர் என்று அடித்தாள்.

மாற்றிய பிறகு ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே "பிரேக்கு! பிரேக்குன்னேன்ல!" என்று இடி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பேங்க் ஊழியர் உள்ளே வந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி, நாளைக்குக் கட்டாயம் வாங்க சார் என்று கெஞ்சி அனுப்பிவிட்டு வந்தால், 'எல்லா இடத்திலும் மாற்றவா?' என்று திரையில் ஒரு கேள்வி காத்திருந்தது. ஆம் என்றாள். 'வெளியிடவா?' என்றது. அதற்கும் ஆம் என்றாள். தலைமை நர்ஸுக்கு முகவரியை அனுப்பிவிட்டு, உலகத்தையே ஜெயித்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் தம்பி போன் செய்தான். பேச்சே வரவில்லை அவனுக்கு. சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு.

"அக்கா... அந்த ரெண்டாவது பக்கத்தை... நீ படிச்சியா?"

அக்கா அவசர அவசரமாகத் திறந்து படித்தாள். தளம் தன் வேலையை ஒரு குறையும் வைக்காமல் செய்திருந்தது.

'உங்கள் மாணவர் கண்டதையும் கடிக்கிறாரா? கவலை வேண்டாம். கடிக்கும் மாணவர்களுக்கு எங்களிடம் தனி வகுப்பு உண்டு. சொன்ன பேச்சைக் கேட்ட மாணவருக்கு உடனே ஒரு பிஸ்கட் கொடுங்கள். தலையைத் தடவிப் பாராட்டுங்கள். பயந்த மாணவரிடம் ஒருபோதும் குரலை உயர்த்தாதீர்கள். பயம் ஒருமுறை மனதில் இறங்கிவிட்டால் அவர் பிறகு உங்கள் பக்கமே வர மாட்டார். இரவில் ஓயாமல் ஊளையிடும் மாணவர்களுக்கு...'

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. காது மடல் வரைக்கும் சூடேறியது. போச்சு, எல்லாம் போச்சு, மனுஷன் லோடு வண்டிக்குத்தான் போகப் போகிறார் என்று கண்ணில் நீர் முட்டியது. அழிக்கலாம் என்று கை போகும்போதே மேசை மேல் போன் அடித்தது. தலைமை நர்ஸ்.

"அந்த 'எங்கள் முறை' பக்கத்தை யாரு எழுதினது?"

"நான்தான் மேடம். அது வந்து... தப்பு நடந்துபோச்சு. அது நாய்ங்களுக்கு எழுதினது."

எதிர்முனையில் ஒரே சிரிப்பு. அவர் மட்டுமல்ல, பின்னால் ஒரு பட்டாளமே சிரிப்பது கேட்டது.

"தெரியுது, தெரியுது. காலையிலேர்ந்து இங்க ஒருத்தரும் வேலை பாக்கல. பிஸ்கட் இருக்கட்டும். குரலை உயர்த்தக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கே, அது மட்டும் எனக்கு முக்கியம். எங்க பொண்ணுங்கள்ல சில பேரு ஏற்கெனவே வேற ஒரு ஸ்கூலுக்குப் போயி அழுதுட்டு வந்தவங்க. ஒருத்திக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குது. சொல்லுங்க, அந்த வரி நிஜமா? உங்க ஸ்கூல்ல சத்தம் போட மாட்டீங்களா?"

அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். காலி இடத்தில் மாஸ்டரின் வாய் அகலத் திறந்திருந்தது. கண்ணாடி ஜன்னல் லேசாக அதிர்ந்தது. ஒரு பொய் சொல்லிப் பட்ட பாடு போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இதுவரைக்கும் நிஜம் இல்ல மேடம். திங்கக்கிழமையிலேர்ந்து நிஜம்."

சிரிப்பு நின்றது.

"சரி. கை நடுங்குற பொண்ணையே முதல்ல அனுப்புறேன். அவ அழாம திரும்பி வந்தா மத்தவங்களும் வருவாங்க."

பாடம் முடிந்து உள்ளே வந்த மாஸ்டரை உட்காரவைத்து, அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினாள். நர்ஸ் சொன்னதையும் சொன்னாள்.

"நான் எங்க கத்துறேன்?" என்று மாஸ்டர் கத்தினார். எதிர்க்கடை ஆள் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் அவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு குரல் தன்னால் இறங்கியது.

"இடிச்சுடுவாங்களோன்னு பயம்மா. எனக்குப் பயம் வந்தா சத்தமாத்தான் வருது." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "அன்னைக்கு நீ இறங்கி நடந்து போனியே. அதுவும் இதனாலயா?"

"பின்ன, காத்து வாங்கவா நடந்து போனேன்?"

மாஸ்டர் அன்றைக்குச் சாப்பாட்டையே சத்தமில்லாமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை அந்த நர்ஸ் பெண் வந்தாள். ஊசி போட்டே பழகிய கை, சாவியை வாங்கும்போது நிஜமாகவே நடுங்கியது. வண்டி கிளம்பியது. அக்கா ஜன்னலோரம் நகராமல் நின்றாள். வண்டி குலுங்கியது, நின்றது, மறுபடி கிளம்பியது. சத்தமே இல்லை. எதிர்க்கடை ஆள் பதறிப்போய் ஓடிவந்து, "மாஸ்டருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?" என்று விசாரித்தார்.

பெண் திரும்பி வந்தபோது கண்ணில் நீர் இல்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாள். அக்கா எடுத்துவைத்திருந்த தண்ணீரை மாஸ்டர்தான் வாங்கி மடமடவென்று குடித்தார். அவர் மீசையெல்லாம் பிஸ்கட் தூள்.

"பிஸ்கட்டை அந்தப் பொண்ணுக்குக் குடுக்கலையா?"

"கத்தணும்னு வரும்போதெல்லாம் நானே ஒண்ணை எடுத்து வாயில அடைச்சுக்கிட்டேன்" என்றார் மாஸ்டர் பரிதாபமாக. "ஒரு பாக்கெட்டும் தீந்துபோச்சும்மா. வயிறு ஒரு மாதிரி இருக்கு."

அந்த வாரமே மற்ற நர்ஸுகளும் வந்து சேர்ந்தார்கள். பேங்க் ஊழியரும் துணிந்து திரும்பி வந்தார். லோடு வண்டிக்காரர் போன் செய்தபோது தான் வரவில்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அதையும் மெல்லிய குரலில் சொன்னதால் அந்த ஆளுக்குக் காதில் விழாமல் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம், அந்தக் கடிக்கிற வரிகளையாவது எடுத்துவிடலாம் என்று அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள். மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அதை மாத்தாத. இருக்கட்டும்."

"ஊளையிடுறதுகூடவா?"

"எல்லாம் இருக்கட்டும்." மேசை மேல் சாவியை வைத்தார். "இன்னும் ஒரு மாணவர் பாக்கி இருக்காங்க. பயந்து இறங்கிப் போனவங்க."

அக்கா சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வேலை கிடக்கிறது என்று சொல்லலாமா என்று நினைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வண்டியை மெதுவாக வாசலைத் தாண்டி எடுத்தாள். நேர் ரோட்டில் நன்றாகத்தான் போனது. அதே திருப்பம் வந்தது. எதிரே ஒரு சைக்கிள் வந்தது, காலும் கையும் குழம்பின, வண்டி குதித்துக்கொண்டு நின்றது. அக்காவின் கை தன்னால் கதவுப் பிடிக்குப் போனது. பக்கத்தில் மாஸ்டர் மூச்சை இழுப்பது கேட்டது. வாய் திறப்பதும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

அவர் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஒரே ஒரு பிஸ்கட்தான் மிச்சம். அதைத் தன் வாய்வரை கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, அவள் பக்கம் நீட்டினார்.

"நல்லாத்தான் ஓட்டின" என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். "அன்னைக்கும் நல்லாத்தான் ஓட்டின."

அக்காவுக்குக் கண் கலங்கியது. கலங்கினால் ரோடு தெரியாதே என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். அவர் கை தயங்கித் தயங்கி அவள் தலைப்பக்கம் வருவதைக் கவனித்தாள்.

"தலையைத் தடவினீங்கன்னா கடிச்சிடுவேன்" என்று பிஸ்கட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கதவுப் பிடியை விட்டுவிட்டு, சாவியைத் திருகினாள்.