ஆறு இடத்தில் ஓடிய ஷெவர்லே

இதால்மிஸ் ரெவேயின் ஐம்பத்தோராம் வருடத்து ஷெவர்லே முப்பதாயிரம் டாலர். மத்தான்சாஸில் அதற்கு யாரும் விலை கேட்டதில்லை. கடலுக்கு யார் விலை கேட்பார்கள்? நான் கேட்டேன். என் தாத்தா லெபனானிலிருந்து கப்பலில் வந்து தெருத்தெருவாகத் துணி விற்றவர். சவப்பெட்டிக்கும் பேரம் பேசி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் அழவே ஆரம்பிப்போம். நசீப் என்ற என் பெயர் ஊருக்கு மறந்துவிட்டது. அரபு வம்சத்தவன் என்பதால் மோரோ என்றால்தான் தெரியும். பழைய வண்டி விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து நூற்றுக்கு ஐந்து எடுப்பது என் பிழைப்பு.

இதால்மிஸ் முப்பது வருடமாக மத்தான்சாஸுக்கும் கார்தெனாஸுக்கும் இடையே ஆள் ஏற்றி ஓட்டியவள். ஸ்பெயினில், சரகோசாவில் இருக்கும் மகள் ஒரு சாப்பாட்டுக் கடையில் பங்கு சேரப்போகிறாள். மாதம் முடிவதற்குள் பதினைந்தாயிரம் கட்ட வேண்டும். கட்டினால் அம்மாவும் அங்கேயே போய்விடலாம். விற்பதற்கு அவளிடம் அந்த வண்டியை விட்டால் வேறொன்றும் இல்லை.

வாங்க வந்தவர் ஃபவுஸ்தோ கிரோகா. ஹவானாவில் சுற்றுலாக்காரர்களுக்கும் கல்யாண ஊர்வலங்களுக்கும் பழைய வண்டி விடுகிறவர். புதன்கிழமை காலை எங்கள் வண்டி நிறுத்தத்துக்கு வந்தார். கதவைத் திறந்து பார்த்துச் சாத்தினார்.

"மெதுவா சாத்துய்யா! அது என்ன உங்க வீட்டு ஃபிரிட்ஜா?" என்றாள் இதால்மிஸ்.

கிரோகா சிரித்துக்கொண்டே ஒரு துடைப்பக் கட்டையை எடுத்து, ஒரு முனையை ஓடுகிற என்ஜின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். "மூணாவது கனெக்டிங் ராடு தட்டுது. பேரிங்ல ஈயம் தேஞ்சுபோச்சு. உருக்கி ஊத்தணும். நானூறு டாலர்." முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். "கிங்பின் ஆடுது. நூத்தி எண்பது." பிரேக்கை மிதித்தார். "சிலிண்டர் கசியுது. நூத்தி இருபது. பிரேக்குக்கு என்ன எண்ணெய் ஊத்தறீங்க?"

"விளக்கெண்ணெய்ல கொஞ்சம் சாராயம்."

"ஓ, போதையிலதான் வண்டி நிக்குதா?"

எழுநூறுதானே என்று எனக்கு நிம்மதி. எழுபது வயது தாண்டியும் இப்படி ஓடுகிற உடம்புக்கு அது வெறும் ஜலதோஷம். ஆனால் மனிதர் கீழே படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"அம்மா, இது வண்டியா, ஐ.நா. சபையா? கியர்பெட்டி ரஷ்ய ஜீப்போடது. ஸ்டியரிங் பெட்டி ஏதோ போலந்து வேன். பின்னச்சு எந்த நாடுன்னே தெரியல. எல்லாம் அசலா இருந்தா முப்பது. இப்படியே எடுத்தா பதிமூணுதான். அதுலயும் ரிப்பேர் செலவைக் கழிப்பேன்."

நான் இதால்மிஸ் பக்கம் திரும்பினேன். "அசல் சாமானெல்லாம் எங்கக்கா? வித்துத் தின்னுட்டியா?"

"விக்கறதா? இரவல் குடுத்திருக்கேன்." அவள் சாலையைக் காட்டினாள். "என் கியர்பெட்டி அதோ போகுது பாரு." பாலத்தின் மேட்டில் எங்கள் நிறுத்தத்து ஒஸ்மானியின் சிவப்பு வண்டி கியர் மாற்றி ஏறிக்கொண்டிருந்தது. "ஸ்டியரிங் பெட்டி லியோவிஹில்தோகிட்ட. கார்தெனாஸ் போயிருக்கு, பதினோரு மணிக்கு வந்துடும். பின்னச்சு இந்நேரம் வரதேரோ வளைவுல இருக்கும்."

அவளுடைய வண்டி இங்கே நிற்கிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதுவோ கடலோரச் சாலை முழுக்க ஒரே நேரத்தில் ஆறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிறுத்தத்தில் இருக்கும் ஏழு ஷெவர்லேக்களும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி; ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தும். எதையும் இழைத்துச் சீவி எதிலும் மாட்டிவிடும் கை இதால்மிஸுக்கு. அதனால் யார் வண்டி படுத்தாலும் தன் அசலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கிடைத்த வேற்று நாட்டுச் சாமானைத் தன் வண்டிக்கு வைத்துக்கொள்வாள். விலையும் இல்லை, வாடகையும் இல்லை. ஓட்டுநர்களுக்குள் ஒரே சட்டம்: ஓடுகிறவரை உன்னுடையது, கொடுத்தவர் கேட்டால் காரணம் கேட்காமல் கழற்றிக் கொடு.

"அப்ப கேட்டு வாங்கு! எல்லாத்தையும் திருப்பிக் கேளு! முப்பதாயிரம்க்கா!" என்று நிறுத்தமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"யோசிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். எங்கள் வியாபாரத்தில் விலை படியும்வரை பேசுவதெல்லாம் காற்றுக்குச் சமம். ஆனால் நிறுத்தத்தில், நாலு பேர் காதில் விழுந்தால் அது கொடுத்தவரே திருப்பிக் கேட்டதாக ஆகிவிடும். அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை கிரோகா பணப்பையோடு நிறுத்தத்துக்கு வந்தார். பின்னாலேயே போன நான் தெருமுனையில் நின்றுவிட்டேன். ஆறு வண்டிகளும் மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பயணிகள் வரிசை ரொட்டிக்கடை வரை நீண்டு, வருகிறவர்களெல்லாம் "கடைசி யாரு?" என்று கேட்டுக் கேட்டுச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் கடன்காரர்களைத் துரத்தியிருக்கிறது. கொல்லை வழியாக ஓடியவனையும், செத்ததாக ஆள்விட்டுச் சொன்னவனையும் பார்த்திருக்கிறோம். விடியுமுன் ஸ்பானரோடு வந்து நின்ற கடன்காரனை அன்றுதான் பார்த்தேன்.

"நாளைக்கு எதை ஓட்டிப் பொழைப்ப?" என்று ஒஸ்மானியிடம் குனிந்து கேட்டேன்.

"அது என் பாடு. அவளுதை அவ கேட்டா." கியர்பெட்டியை மார்பில் ஏந்தி இறக்கினான், பிள்ளையை இறக்குவது மாதிரி.

இதால்மிஸ் வந்தாள். "என்னடா, யாரு செத்துட்டாங்க?"

"நீதானக்கா எல்லாத்தையும் திருப்பிக் கேட்ட?" என்றான் ஒஸ்மானி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் விளக்கெண்ணெய் கொதித்திருக்கும். கிரோகா மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். "பாதி வேலை முடிஞ்சுபோச்சும்மா. நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். சும்மா நில்லுங்க, போதும்."

உண்மைதான். வாயைத் திறக்காமல் இருந்தால் மதியத்துக்குள் முப்பதாயிரம். ஊரைவிட்டே போகிறவள், நாளை யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. அவள் கியர்பெட்டியின் மேல் கை வைத்தாள். அதன் போல்ட்டுத் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு வரிசையைப் பார்த்தாள்.

"நான் கேக்கல. இந்த மோரோவோட வாய் கேட்டுச்சு. கழட்டுன கையாலயே மாட்டுங்கடா. ஜனம் நிக்குது."

லியோவிஹில்தோ எழுந்து வந்து கிரீஸ் கையை அவள் வண்டியின் மூடிமேல் வைத்தார். "இதுல இருக்கற ரேடியேட்டர் என்னுது. நானும் கேக்கல. அதோடயே வித்துடு."

மதியம் சாய்ந்தபோது முதல் என்ஜின் உறுமியது, பின்னாலேயே இரண்டாவது. ஆறும் சேர்ந்து உறுமியபோது என் காலுக்குக் கீழே தெரு நடுங்கியது. தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன். தேவாலயத்தில்கூட நான் கழற்றுவதில்லை.

கணக்கு இது. வண்டி பதிமூன்றாயிரம். ரிப்பேருக்குக் கழிந்தது எழுநூறு. என் தரகு அறுநூற்றுப் பதினைந்து. வாய்க்கொழுப்புக்கு அபராதம் போட்டுக்கொண்டு முந்நூறோடு நிறுத்தினேன். அவள் கைக்குப் போனது பன்னிரண்டாயிரம். குறை மூவாயிரம், சரகோசாக் கடைக்காரர் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்தார். சனிக்கிழமைதோறும் ஆறு வண்டிகளின் முதல் சுற்றுக் காசு, யாரும் கேட்காமலே என் மேசைக்கு வருகிறது. டாலராக மாற்றி, தரகு பிடிக்காமல் அனுப்புகிறேன். இதுவரை போனது ஆயிரத்து நூற்று நாற்பது. பாக்கி, ஆயிரத்து எண்ணூற்று அறுபது.