பின் சக்கரத்துக் கல்

"நிறுத்துங்க! மெசினை நிறுத்துங்க!"

சித்ரா ஓடிவந்து பொக்லைனுக்கு நேர் கீழே நின்றாள். தோளில் ஐம்பது அடி டியூப், இடுப்பில் தண்ணீர்க் குடம். தார் ரோட்டைக் கடிக்க இறங்கிய இரும்புப் பற்கள் அவள் தலைக்கு இரண்டு முழம் மேலே நின்றன.

"ஏனுங்க்கா, சாவறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?" ஓட்டுநர் முருகானந்தம் கேபினிலிருந்து கத்தினான். "ரோடு அகலப்படுத்துறோம். மத்தியானத்துக்குள்ள இதைப் பேத்தெடுக்கோணும்."

"பத்தே நிமிசம் சாமி. இந்த ரோடு போச்சுன்னா எம் புருசன் ஜெயில்லயேதான்."

ஸ்கூட்டியில் பின்தொடர்ந்து வந்த வக்கீல் தமிழினி மூச்சு வாங்க இறங்கினாள். "அளந்து பார்க்கணும்னு கோர்ட்ல மனு போட்டிருக்கோம் சார். விசாரணை திங்கட்கிழமை. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

முருகானந்தம் இன்ஜினை அணைத்தான். பத்து நிமிடம்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் கோழிப்பண்ணை ரோடு அது. நாற்பது நாளைக்கு முன் இதே இடத்தில், பண்ணை முதலாளி மோகன்குமார் தன் சொந்த லாரிக்கும், வளைவில் எதிரே நிற்கும் பண்ணை மதிலுக்கும் நடுவே நசுங்கிச் செத்தார். லாரியை ஓட்டி வந்தவன் வேலுமணி. சித்ராவின் கணவன்.

அவன் சொன்னது இவ்வளவுதான். ரேடியேட்டர் ஒழுகியது. நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். ஹேண்ட் பிரேக் பழசு, இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. ரோடு மேடாச்சே, வண்டி பின்னால் உருளக்கூடாதென்று பின் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். முதலாளியை முன்பக்கம் வந்து ஒழுகலைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். வண்டி தானாக முன்னால் போய்விட்டது.

போலீஸ் சிரித்தது. மேட்டில் லாரி தானாக ஏறுமா? அன்று காலைதான், முட்டைத் தட்டு சரிந்ததற்காகப் பத்துப் பேர் பார்க்க முதலாளி அவனைச் செருப்பால் அடித்திருந்தார். காரணமும் கிடைத்துவிட்டது. கொலை வழக்கு.

"மேடுதானுங்க இது?" இறங்கி வந்த முருகானந்தம் கண்ணைச் சுருக்கி ரோட்டைப் பார்த்தான். "எங் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"அவியல. ஏமாந்து போச்சு," என்றாள் சித்ரா.

டியூபில் தண்ணீரை நிறைத்து, விரலால் சுண்டிச் சுண்டிக் காற்றுக் குமிழிகளை விரட்டினாள். பதினைந்து வருடமாகச் சித்தாள் வேலை. குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும். ஒரு முனையை லாரியின் பின் சக்கரம் நின்ற இடத்தில் முருகானந்தம் கையில் கொடுத்தாள். மறு முனையோடு மதிலை நோக்கி முப்பது அடி நடந்தாள். தமிழினி செல்போனில் படம்பிடித்தாள்.

இரண்டு முனையிலும் தண்ணீர் ஆடி, அடங்கி நின்றது.

"அங்க தரையிலிருந்து தண்ணி வரைக்கும் எத்தனைங்க?"

முருகானந்தம் டேப்பை இழுத்தான். "முப்பத்தாறு இஞ்சி."

"இங்க நாப்பத்தி மூணு," என்றாள் சித்ரா, தன் டேப்பைப் பார்த்து.

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "அப்படின்னா... மதில் பக்கம் ஏழு இஞ்சி பள்ளமா?"

நம்பாமல் குடிதண்ணீர் பாட்டிலைத் தார் மேல் படுக்க வைத்தான். பாட்டில் தயங்கியது. பிறகு மெல்ல, யாரோ நூல் கட்டி இழுப்பது போல, மேட்டில் ஏறிப் போய் மதிலில் முட்டியது.

"அடங்கொக்கமக்கா! பேய் இழுக்குதுங்களா?"

"பூமி இழுக்குது," என்றாள் தமிழினி. "எதிர்ல கரட்டு மலை நிக்குது, அடிவானம் தெரியல. பனைமரம், கரண்டுக் கம்பம், மதில் தூண் எல்லாம் அந்தப் பக்கமாவே சாஞ்சிருக்கு. கண்ணு அதையெல்லாம் நேர்னு நம்பி, பள்ளத்தை மேடாக்கிடுச்சு."

"தண்ணிக்குக் கண்ணு கெடையாதுங்க," என்றாள் சித்ரா. "பூமி எந்தப் பக்கம் இழுக்குதோ, அதுதான் அதுக்குக் கீழ."

சொல்லும்போது அவள் முகத்தில் வெற்றி இல்லை. போன வாரம் ஜெயில் கம்பி வலைக்கு அப்பால் வேலுமணி நின்றது நினைவுக்கு வந்தது. 'மேடுன்னு நெனச்சுத்தான் புள்ள கல்லைப் பின்னால வெச்சேன்.' அவள் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். இரண்டு தடவை சொன்னான்.

தமிழினி நீட்டிய தாளில் முருகானந்தம் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மெசினில் ஏறினான். இரும்புப் பற்கள் தாரைக் கிழித்தன.

"கேஸ் நிக்காதுக்கா," தமிழினி குதிக்காத குறை. "கொலையே இல்ல, விபத்து. ஒண்ணே ஒண்ணு. இந்த ரோட்டோட சங்கதி அவருக்கு முன்னாடியே தெரியுமான்னு அரசு வக்கீல் கேப்பாங்க. தெரிஞ்சிருந்தா கல்லை முன்னாடிதானே வெச்சிருப்பாரு?"

சித்ரா டியூபைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரைக் கொட்டினாள். "அவருக்குத் தெரியாதுங்க மேடம்."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

"சித்தாளு வேலைங்க. பார்த்தாலே தெரிஞ்சிரும்."

பொய். எந்தச் சித்தாளுக்கும் பார்த்துத் தெரியாது. அதற்குத்தானே டியூப்.

கல்யாணமான மூன்றாம் நாள், வேலுமணி அவளை இரவல் பைக்கில் உட்காரவைத்து இங்கேதான் கூட்டிவந்தான். இன்ஜினை அணைத்துக் கால்களைத் தூக்கிக்கொண்டான். பைக் தானாக மேடேறியது. அவள் அலறி அவன் முதுகைக் கட்டிக்கொண்டாள். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு இறங்கி, ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து முன் சக்கரத்துக்கு முன்னால் வைத்தான்.

"நெனப்புல வெச்சுக்க புள்ள. இந்த எடத்துல கல்லைப் பின்னால வெச்சா, முன்னால நிக்கறவன் செத்தான்."