தையல் மேஜைப் பள்ளிக்கூடம்

மூன்றாம் வகுப்பில் என் மகளுக்கு ஆமை என்று பட்டப்பெயர். பலகையில் உள்ளதை இவள் பாதி எழுதுவதற்குள் டீச்சர் அழித்துவிடுகிறாராம். ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. டீச்சரைத் திட்டித் தீர்த்தேன்.

"இனிமே நீ ஸ்கூலுக்கே போக வேணாம். வீட்டுலயே நான் சொல்லித் தரேன்" என்றேன்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். எதற்கும் அவசரப்பட மாட்டார். "அடுத்த வாரம் லீவுதானே. சொல்லிக் கொடுத்துப் பாரு. சரிப்பட்டா நிறுத்திடலாம்" என்றார். பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அன்றைக்கே எழுதினேன். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தையல் மெஷின் டிராயரில் வைத்தேன்.

நான் துணிகளை ஆல்டர் செய்து கொடுக்கிறவள். பேண்ட் நீளம் குறைக்கப் பத்தே நிமிடம். உதவிக்கு வந்த இரண்டு பெண்கள், "எதையும் செய்ய விட மாட்டேங்கறீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

துணி வெட்டும் மேஜையின் ஒரு மூலையை மகளுக்கு ஒதுக்கினேன். பாடம் பிரமாதமாக நடந்தது. ஏழெட்டு எவ்வளவு என்று அவள் பட்டன்களை வரிசையாக அடுக்கி எண்ணுவாள். பாதி எண்ணுவதற்குள் என் வாய் முந்திக்கொண்டு "ஐம்பத்தாறு" என்றுவிடும். பென்சில் நின்றால், "இங்க கொண்டா" என்று வாங்கிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டைக் கணவர் முன்னால் போட்டேன். "நாற்பது பக்கம். ஒரு தப்பு கிடையாது. ஆமையாம், ஆமை!"

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதிக்கு மேல உன் எழுத்தா இருக்கே?"

பிடுங்கிப் பார்த்தேன். எல்லாக் கணக்கும் அவள் எழுத்தில் தொடங்கி என் எழுத்தில் முடிந்திருந்தது.

"ஏன்டி, நீ சொல்ல வேண்டியதுதானே?" என்று மகள் மேல் பாய்ந்தேன்.

அவள் யோசித்தாள். அவளுக்காக நானே பதில் சொல்ல வாயெடுத்தேன். கணவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர் அழிச்சுடுவாங்கம்மா. ஆனா பக்கத்துல இருக்கறவ நோட்டு குடுப்பா. சாப்பாட்டு நேரத்துல மெதுவா எழுதி முடிச்சுடுவேன்" என்றாள். "இங்க நான் ஒண்ணுகூட முடிக்கலம்மா."

சுருக்கென்றது. டீச்சரைத் திட்டிய திட்டெல்லாம் எனக்கே பொருந்தியது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"திங்கட்கிழமை நானும் ஸ்கூலுக்கு வரேன். பலகையைக் கொஞ்சம் பொறுத்து அழிக்கச் சொல்லிக் கேக்கறேன்" என்றேன்.

டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். அதன் பின்பக்கத்தைத் திருப்பி, ஏழெட்டுக் கணக்கைப் போட அவள் முன் வைத்தேன். அவள் பட்டன்களைக் கொட்டி, ஏழு வரிசையாக அடுக்கி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நாற்பதில் ஒரு பட்டன் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து தேடினாள். எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.