கதவுக்குப் பின்னால் மாட்டிய களைப்பு

எடைமேடைக்காரரின் மனைவி தன் களைப்பை முதன்முதலாகக் கழற்றி மாட்டியது, கல்யாணமாகி ஒன்பதாம் நாள், மாலை ஐந்தேகால் மணிக்கு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி சும்மா இருந்தது, அதில் மாட்டினாள். குளித்துவிட்டுப் பிழியாமல் விட்ட துண்டு அளவுக்கு இருந்தது. தரை துடைத்த தண்ணீரின் நிறம். தொட்டால் சில்லென்றிருந்தது. அதற்கு முன் அந்த ஊரில் யாரும் இப்படிச் செய்ததாகத் தகவல் இல்லை. செய்தவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை என்பது பல வருஷங்கள் கழித்துத்தான் தெரியவந்தது.

அவளுக்கு வழி சொன்னது ஒரு புத்தகம். சலவை சோப்பு பன்னிரண்டு கட்டி சேர்த்து வாங்கினால் இலவசமாகத் தந்த, உள்ளங்கை அகலப் புத்தகம். 'இல்லத்தரசிகளுக்கு நூற்றியொரு யோசனைகள்' என்று அட்டையில் போட்டிருந்தது. கணவரின் அக்கா அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, "இதுல இருக்கிற மாதிரி நடந்துக்கோ, வாழ்க்கையில ஒரு குறையும் வராது" என்று சொல்லிக் கொடுத்தாள். புத்தகம் பொய் சொல்லவில்லை. மைக்கறை பாலில் ஊறவைத்தால் போயிற்று, பித்தான் தைக்கிற நூலில் மெழுகு தடவினால் அறுந்துபோகவில்லை, வெள்ளரித் துண்டு கண்ணுக்கடியில் இருந்த கருமையை வாங்கிக்கொண்டது, ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும்தான், மறந்தும் வெந்நீர் கூடாது என்பதும் சரியாகவே இருந்தது. எடைமேடைக்காரரின் மனைவி எழுதியதை எழுதியபடி செய்கிற ஜாதி. மூன்று கரண்டி என்று இருந்தால் மூன்றே கால் ஆகாது. அறுபத்து நான்காவது யோசனை, 'கணவர் வீடு திரும்புவதற்குக் கால் மணி நேரம் முன்பாகக் களைப்பைக் களைந்துவிட்டு, முகம் கழுவி, புன்னகையுடன் வாசலில் நிற்கவும்' என்றது. மற்றவர்கள் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவள் கண்ணாடி முன்னால் நின்று, எங்கே பிடித்துக் கழற்றுவது என்று உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். பிடரியில், மயிர்க்கால்களுக்குக் கீழே, தபால்தலையின் மூலை பெயர்ந்த மாதிரி ஏதோ நகத்தில் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தாள். முழுசாக வந்துவிட்டது.

ஐந்தரைக்கு எடைமேடைக்காரர் வாசல் கேட்டைத் திறந்தபோது அவள் அப்போதுதான் பூத்தவள் போல நின்றாள். அவர் நல்ல மனிதர். நாள் முழுக்க லாரிகளை மேடையில் ஏற்றி, சரக்கோடு எவ்வளவு, சரக்கில்லாமல் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறவர். கல்லா, கரியா, சர்க்கரையா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எவ்வளவு கனம் என்பதோடு அவர் வேலை முடிந்தது. வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். குரலை உயர்த்தமாட்டார், சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டார், எதையும் துருவிக் கேட்கமாட்டார். "எங்க வீட்ல அலுப்புங்கிற பேச்சே கிடையாது" என்று லாரி ஓட்டுநர்களிடம் பெருமையடித்தார். அவர்கள் அதை அப்படியே தங்கள் வீடுகளில் போய்ச் சொன்னதில் அந்த வாரம் நாலைந்து வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

கழற்றியதை என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லை. துவைத்துப் பார்த்தாள், தண்ணீரைக் குடித்து இன்னும் கனத்தது. வெயிலில் போட்டாள், காயவில்லை. ஒருமுறை குப்பை வண்டியில் தூக்கிப் போட்டாள். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டிக்காரர் திரும்பி வந்து, "அம்மா, இது உங்களோடதுதானே? வண்டி நகர மாட்டேங்குதும்மா" என்று வருத்தத்தோடு இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவள் முயற்சி செய்யவில்லை. தினமும் ஐந்தேகாலுக்குக் கழற்றுவாள், நேற்றையதன் மேல் இன்றையதை மாட்டுவாள். நனைந்த காகிதங்கள் போல அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆணி வளைந்து, கொக்கி அடித்தார்கள். கொக்கி தாங்காமல், சுவரைத் துளைத்து இரும்பு போல்ட் மாட்டினார்கள். மூன்றாம் வருஷம் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தை ஒட்டிய இரண்டு மாதத்துக் களைப்பு மட்டும் மெத்தை கனம் இருந்தது. அதற்கப்புறம் சமையலறைக் கதவு பாதிதான் திறந்தது. வீட்டில் எல்லாரும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே போகப் பழகிக்கொண்டார்கள். மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று எடைமேடைக்காரர் காரணம் சொன்னார். கோடையிலும் அதையே சொன்னார். மகள் ஐந்து வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது அதன் பின்னால் ஒளிந்து ஒன்றரை நாள் தூங்கிப்போனாள். டாக்டர் ஒன்றும் பிடிபடாமல் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதற்கு முன்னால் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது.

இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. களைப்பு இல்லாதவளுக்குத் தூக்கம் வரவில்லை. கணவர் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். கூரையில் எத்தனை விரிசல், எது எந்த வருஷம் எவ்வளவு நீண்டது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருபத்திரண்டு வருஷம் அவள் தூங்கவில்லை, அதனால் கனவும் காணவில்லை. ஆசைப்பட்டது என்ன, வேண்டாமென்று நினைத்தது என்ன என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோயிற்று. மகள் வளர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள், "அம்மா, உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவள் கையில் கரண்டியோடு போய் அலமாரியைத் திறந்து தன் புடவைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எது பிடித்து வாங்கியது என்று தெரியவில்லை.

இருபத்திரண்டாம் வருஷம் ஒரு மழைக்கால காலையில் எடைமேடைக்காரர் குடையைத் தேடினார். அலமாரியில் இல்லை, கட்டிலடியில் இல்லை. திரைக்குப் பின்னால் இருக்குமோ என்று கையை விட்டார். போல்ட் சுவரோடு பெயர்ந்து வந்தது. மாட்டியிருந்தது முழுக்க அவர் தோளில் சரிந்தது. அவர் விழவில்லை; தவணை முறையில் உட்கார்ந்தார் என்று மகள் பிற்பாடு சொன்னாள். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு கைகள்.

"என்ன இது... கையைத் தூக்க முடியல" என்றார். "யாரோடது?"

"என்னோடதுதாங்க."

"எப்போலேர்ந்து?"

"கல்யாணமான ஒம்போதாம் நாள்லேர்ந்து."

அவர் இன்னொரு கேள்வி கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாயோடு தூங்கிப்போனார்.

பதினேழு நாள் தூங்கினார். மனைவி அவர் பிடரியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், முனை அகப்படவில்லை. தலைக்குத் தலையணை வைத்து, பாலைக் கரண்டியால் ஊட்டி, முகம் துடைத்துவிட்டு, அவரைச் சுற்றி நடந்தபடி சமைத்தாள். எடைமேடையில் லாரிகள் ஆற்றுப் பாலம் வரை வரிசை கட்டி நின்றன. தூங்குகிறவரின் கைகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. துணி பிழிந்தன, தரை துடைத்தன, இல்லாத குழந்தையைத் தட்டிக்கொடுத்தன. நடுநடுவே, "பால் பொங்குது, பால் பொங்குது" என்று பதறினார். சுவரை ஒட்டியிருந்த பழைய மடிப்புதான் அவர் முதுகில் பட்டிருந்தது. அதனால் முதல் வருஷத்திலிருந்து வரிசையாகத் தூங்கினார். மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாளைக்கு ஒரு வருஷம் கரைந்தது.

நாலாம் நாள் கணவரின் அக்கா வந்தாள். கதவருகிலிருந்தே ஆரம்பித்தாள்: "என் தம்பிய என்னடி பண்ணின? சிங்கம் மாதிரி இருந்தவன இப்படி மூலையில சுருட்டிப் போட்டிருக்கியே!" குனிந்து, தம்பியின் தோளில் கிடந்ததை இழுத்தெறியப் போனாள். விரல் பட்டதும் கை அப்படியே நின்றது. இரண்டு விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள், துணிக்கடையில் தரம் பார்க்கிற மாதிரி. பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ மாட்டி வச்சியா?" என்றாள், குரல் இறங்கிப்போய்.

"ஆமா அண்ணி."

"நான் மடிச்சுப் பெட்டியில வச்சிருக்கேன். மூணு பெட்டி. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு, வாசல்ல நின்னு யாரைப் பார்த்துச் சிரிக்கப் போறேன்? இன்னும் கை அஞ்சேகாலானா தன்னால பிடரிக்குப் போகுது." ஓரத்தை இன்னொரு தரம் தேய்த்துவிட்டு, "அந்தப் புத்தகத்த உன் கையில குடுத்திருக்க வேண்டாம்" என்றாள். அன்றைக்கு அவளே பாத்திரம் தேய்த்தாள். தம்பி மனைவியைத் திட்ட வந்தவள் பதினெட்டு நாள் தங்கிவிட்டாள்.

பதினெட்டாம் நாள், சனிக்கிழமை, சாயங்காலம் எடைமேடைக்காரர் கண் விழித்தார். எழுந்திருக்க முயலவில்லை. மனைவியைப் பார்த்தார், லாரி போய்விட்ட பிறகு மேடையைப் பார்ப்பது போல.

"ஏழாம் வருஷம். அந்த வியாழக்கிழமை" என்றார். "அன்னிக்குமா வாசல்ல நின்னு சிரிச்ச?"

ஏழாம் வருஷம் அவளுக்கு இரண்டாவது பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்தது. காலையில், வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாதபோது. குளியலறைத் தரையை அவளே கழுவினாள். நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நர்ஸ் வீட்டுக்கு நடந்து போய் நடந்து வந்தாள். விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தாள். ஐந்தேகாலுக்குக் கழற்றி மாட்டினாள். கேட்டருகில் சிரித்த முகமாக, "நமக்கு இல்லேன்னு ஆயிடுச்சுங்க" என்றாள். அவர், "பரவாயில்ல, உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். மனைவிக்குத்தான் எவ்வளவு மனோதிடம் என்று அன்று அவர் வியந்ததும் உண்டு.

அவள் அவர் தோளில் மிச்சமிருந்ததைப் புரட்டிப் புரட்டித் தேடினாள்.

"அது எங்க?"

"இல்ல. தூங்கித் தீந்துபோச்சு."

"யாரைக் கேட்டுத் தீத்தீங்க?"

அந்தக் குரலை அதுவரை அந்தத் தெரு கேட்டதில்லை. எதிர்வீட்டில் ரேடியோவை அணைத்தார்கள். அவள் கையில் அகப்பட்ட டம்ளரை எறிந்தாள். அது சுவரில் பட்டு நசுங்கியது. "எல்லாத்தையும் எடுத்துக்கங்க! துவைச்சது, துடைச்சது, உங்களுக்குக் காத்துக்கிட்டு நின்னது, எல்லாத்தையும் எடுத்துக்கங்க! அது மட்டும் என்னோடது. அதையாவது வச்சிருந்தேனே! அதுக்காக நான் ஒருநாள்கூட அழுததில்லையே!" இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அது. கணவரின் அக்கா மகளைக் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் அது முழுக்கத் திறந்திருந்தது.

எடைமேடைக்காரருக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் தெரியாது. அதனால் தூக்கத்தில் பார்த்ததை, பார்த்த வரிசையில் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸ் வீட்டுக் கேட் பச்சை பெயின்ட். உள்ளே போக ஒன்பது படி. ஐந்தாவதில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். நர்ஸ் வெந்நீர் கொடுத்தாள். டம்ளர் சூட்டைத் தாங்க முடியாமல் முந்தானையால் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் குழந்தை பலூன் கேட்டு அழுதது. அவள் பலூன்காரரிடம் நின்றாள்.

"நின்னேனா?" என்றாள் அவள். அவளுக்கு அது நினைவில்லை. கழற்றியபோதே போய்விட்டது.

"நின்ன. குழந்தை சிவப்பு வேணும்னுச்சு. நீ மஞ்சள் வாங்கின. உனக்கு மஞ்சள்தான் பிடிச்சிருந்தது."

"அப்புறம்?"

"அப்புறம் அதோட நூலைக் குழந்தை கையில கட்டிவிட்ட. முடிச்சு விழல. மூணு தரம் கட்டின. ரோட்டுல நின்னு, யாருக்கும் தெரியாம, வயித்த ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கிட்ட."

அவள் அழுதாள். சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு, குழந்தைகள் அழுவது போல அழுதாள். "அப்புறம்?" என்று கேட்டபடியே அழுதாள். அவர் தெரு தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலுக்கு வந்து, சாவியை எடுத்தாள் என்று சொல்லும்போது பதில் வரவில்லை. அவர் மடியில் தலையைச் சாய்த்து அவள் தூங்கிவிட்டிருந்தாள். யாருடையதையும் போர்த்திக்கொள்ளாமல், தன் சொந்த அழுகையின் களைப்பில்.

சனிக்கிழமை மாலை தூங்கியவள் புதன்கிழமை மத்தியானம் எழுந்தாள். அதுவரை அவர் மடியை அசைக்கவில்லை என்று கணவரின் அக்கா சொன்னாள். இரண்டு தரம் அசைத்தார் என்று மகள் திருத்தினாள். மிச்சமிருந்த பதினான்கு வருஷத்தைப் பெரிய கத்திரிக்கோலால் வருஷம் வருஷமாக வெட்டினார்கள். மகள் தன் பள்ளிக்கூட நாட்களை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினாள். மனைவி தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். எவை என்று யாரிடமும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் அவருக்கு. அவர் தூங்காத நாட்களில் சமைத்தார், சட்டியைக் கருகவிட்டார், பன்னிரண்டாம் யோசனையைப் பார்த்துச் சோடா உப்புப் போட்டுச் சுரண்டினார். கணவரின் அக்கா தன் மூன்று பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பக்கத்து அறையில் தங்கிவிட்டாள். இந்த விஷயம் வெளியே பரவிய மாதம், அந்தத் தெருவில் பரண்களிலிருந்தும் பீரோக்களிலிருந்தும் களைப்பு இறங்காத வீடு இல்லை. மத்தியான வேளைகளில் ஆண்கள் அகப்பட்ட இடத்தில் உறங்கிக்கிடந்தார்கள். பெண்கள் அவர்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

எடைமேடை சில நாள் திறந்திருக்கும், சில நாள் மூடியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியூரிலிருந்து கரி ஏற்றி வந்த ஓட்டுநர் ஒருவர் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுக் காவலாளியிடம், "இன்னிக்கு எந்த வருஷத்தத் தூங்குறாராம்?" என்று கேட்டார்.

"அவரோட அம்மா படுத்த படுக்கையா கிடந்த வருஷம்."

ஓட்டுநர் உச்சுக்கொட்டினார். "அப்போ வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டாரு" என்று சொல்லி, லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, குளிக்க இடம் தேடிப் போனார்.