தையல்காரம்மாவின் டேப்

எங்கள் தெருவில் வேறு நிறம், வேறு பாஷை என்று இருப்பது தையல்காரம்மாவின் வீடு ஒன்றுதான். வந்து ஒன்பது வருஷமாகியும் நாங்கள் ‘அந்தப் புதுசா வந்தவங்க’ என்றுதான் சொல்வோம். அவளுடைய பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, பூசின உடம்பு. ‘டிரம்’ என்று பெயர் வைத்தது என் மகள்தான். பொருத்தமாக இருந்ததால் நானும் கண்டிக்கவில்லை.

அளவு கொடுக்கப் போனால் மூலையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள்.

“ஏண்டி டிரம், உங்க ஆளுங்களுக்கே இந்த வாகுதானா? கதவை இடிச்சு அகலமாக்கணும் போலிருக்கே!” என்பாள் மூன்றாம் வீட்டுக்காரி.

நாங்கள் சிரிப்போம். வாயில் குண்டூசியோடு தையல்காரம்மாவும் சிரிப்பாள். வாடிக்கையை விட முடியுமா?

பெண் சாப்பாட்டை நிறுத்தினாள். மாடிப்படிக்குக் கீழே டிபன் பாக்ஸை நாய்க்குக் கொட்டுவதை என் கண்ணால் பார்த்தேன். வீண் வம்பு எதற்கென்று, தையல்காரம்மாவைத் தவிர எல்லோரிடமும் சொன்னேன்.

தாய்க்கும் சந்தேகம் தட்டியது. இடுப்பை அளந்தாள். இருபத்தேழு.

“இனி ஞாயித்துக்கிழமைதோறும் அளப்பேன். ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஊட்டிவிடுவேன், பாத்துக்கோ!”

வகுப்பு முழுக்கப் பார்க்க ஊட்டுவது! என் மகளுக்கு ஒரு வருஷக் கேலிக்குப் போதும்.

இடுப்பு ஓர் அங்குலம் இளைத்ததும், தாய் குளிக்கப் போனபோது, பெண் டேப்பின் ஆரம்பத்தில் ஓர் அங்குலம் கத்தரித்து, தகர முனையைப் பழையபடி மாட்டிவிட்டாள். அடுத்த இரண்டு மாதமும் மாதத்துக்கு ஓர் அங்குலம். துணி வெட்ட மர ஸ்கேல். டேப் உடம்புக்கு மட்டும். இடுப்பைச் சுற்றியதும் கண் போவது முனை வந்து சேரும் எண்ணுக்குத்தான். பெண்ணின் கன்னம் ஒட்டிப்போனது கண்ணுக்குத் தெரிந்தது. டேப் இருபத்தேழு என்றது. தொழில்காரி டேப்பை நம்பினாள்.

எங்கள் அளவுகளையும் அதே டேப்பில்தான் எடுத்தாள். அளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், நோட்டில் எழுதிக்கொள்வாள். தைத்து வந்த சட்டையெல்லாம் தொளதொளத்தது.

“அக்கா, நான் இளைச்சுட்டேன்!” என்று குதித்தாள் மூன்றாம் வீட்டுக்காரி. நான் மட்டும் என்ன, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பெண் பள்ளி மைதானத்தில் மயங்கி விழுந்தாள். தாய் கழுத்தில் டேப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸ் அளந்து “இருபத்திநாலு” என்றாளாம்.

“இல்லம்மா, முந்தாநாள்கூட நானே அளந்தேனே, இருபத்தேழு!”

நர்ஸின் டேப்பை ஒட்டித் தன்னுடையதை நீட்டிப் பிடித்தாள். அதில் ஒன்று, இரண்டு, மூன்று இல்லை; முதல் எண்ணே நாலு.

சாயங்காலத்துக்குள் சேதி தெருவெங்கும் வந்துவிட்டது.

“அப்ப நாம இளைக்கவே இல்லையா?” என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி. “என் நாலு சட்டையையும் பிடிச்சுத் தைக்கணுமே! எப்ப வருவாளாம்?”

பெண்ணுக்கு இன்னும் குழாய் வழியாகத்தான் ஆகாரம் போகிறது என்றார்கள்.

அன்று நான் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்தப் பெண்ணை நினைத்துத்தான் என்று வீட்டில் எண்ணிக்கொண்டார்கள்.